வெள்ளெழுத்து: முத்துக்குளித்த கரையின் கண்களுக்கும் ஒரு வரலாறு உண்டு





நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் போனில் வந்த செய்தியை வாசிக்கும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். முதலில் கிட்ட வைத்துப் பார்ப்பார்கள். பிறகு கையை நீட்டுவார்கள். அதற்கும் தெளியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் கொடுத்து, "என்ன எழுதியிருக்கென்று வாசி மகன்" என்பார்கள். நாமும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

இதற்கு நம் தமிழில் அழகான ஒரு பெயர் இருக்கிறது: வெள்ளெழுத்து. கறுப்பு மையில் இருக்கும் எழுத்து வெளிறிப்போய், கலங்கிப்போய்த் தெரிவதால் வந்த பெயர். பழைய ஆட்கள் சாளேசரம் என்றும் சொல்வார்கள். மராத்தி மொழியில் வாசிப்புக் கண்ணாடிக்கே 'சாளிசி' என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்கு நாற்பது என்று பொருள். நாற்பது வயதில் எல்லா மனிதருக்கும் வருவது இது என்று எல்லா மொழிக்காரரும் கண்டு வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு இதன் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாக எழுத நினைக்கிறோம். நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள். இந்தக் குறைக்குத் தீர்வு கண்டுபிடித்து 700 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தீர்வுக்கு அறிவுப் பாதை போட்டவர்களில் முதன்மையானவர் ஒரு முஸ்லிம் அறிஞர். அப்படியிருந்தும் மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் எத்தனையோ பேர் நாற்பத்தைந்து வயதோடு ஓதுவதையும் வாசிப்பதையும் தைப்பதையும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். "வயசு போனால் அப்படித்தான்" என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

■ முத்தும் கண்ணும்

நம் கரையின் பெயரை உலகம் அறிந்தது முத்தினால். சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு நேரே கடலில் இருக்கும் பார்களில்தான் சிப்பி விளைந்தது. அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டை, உண்மையில் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801 முதல் 1804 வரையான காலத்தில் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத்தான் அது கட்டப்பட்டது. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறிச்சுக்கட்டி அந்த மாதங்களில் ஒரு பட்டணமாகவே மாறியது. கீழக்கரை, காயல்பட்டினம், அறபு நாடுகள் என்று பல இடங்களில் இருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

முத்துக்குளிப்பு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது மூச்சடக்கிக் குதிக்கும் ஆள். ஆனால் சிப்பி கரைக்கு வந்த பிறகு நடந்த வேலை முழுவதும் கண்ணின் வேலை. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்குவார்கள். மிஞ்சிய கழிவைக் காயவைத்துப் புடைத்து மறுபடியும் தேடுவார்கள். இதைப் பெண்களும் சிறுவர்களும் செய்தார்கள்.

அதன்பின் தரம் பிரித்தல். பித்தளையில் செய்த பத்துத் துளைத்தட்டுகள் ஒரு தொகுதியாக இருக்கும். முதல் தட்டில் 20 துளை, கடைசித் தட்டில் 1,000 துளை. முத்துகளைப் போட்டு அசைத்தால் பெரியது மேலே நிற்கும், சிறியது கீழே இறங்கும். பருமனைத் தட்டு பிரித்துத் தந்துவிடும். உருட்சியையும் நிறத்தையும் ஒளியையும் கண்தான் பிரிக்க வேண்டும். இது ஆணி, இது அதற்கு அடுத்த தரம், இது கோணல், இது வெறும் தூள் என்று ஒவ்வொன்றாக விரல் நுனியில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

துளைக்கும் வேலை இன்னும் நுட்பமானது. 1800களின் தொடக்கத்தில் இங்கே வந்த ஆங்கிலேயர்கள் அதை வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மரக்கட்டையில் குழி செய்து முத்தை அதில் பதித்து, வில்லால் சுழலும் மெல்லிய ஊசியால் துளையிடுவார்கள். சூடேறி முத்து கெடாமல் இருக்க, வேலை செய்துகொண்டே சின்னவிரலைத் தண்ணீரில் நனைத்துச் சொட்டுவிடுவார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். முத்தைப் பார்த்தவுடன் விலை சொல்லும் அனுபவம் ஒருவருக்கு எத்தனை வயதில் கனியும்? இருபது, இருபத்தைந்து வருடம் தொழிலில் இருந்த பிறகுதானே. சரியாக அந்த வயதில்தான் கிட்டப் பார்க்கும் கண் கைவிடத் தொடங்குகிறது. அறிவு ஏறும்போது கண் இறங்குகிறது. கண்ணாடி கைக்கு எட்டாத காலத்தில் இந்தக் கரையில் அப்படி வீணான திறமைக்குக் கணக்கே இருக்காது.

■ இப்னு பதூதா பார்த்த காட்சி

ஹிஜ்ரி 745 ஆம் ஆண்டை ஒட்டி, அதாவது 1344 இல், மொரோக்கோவைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து கடல்வழியாக வந்து புத்தளத்தில் கரையேறினார். ஆதம் மலைக்குப் போவது அவருடைய நோக்கம். அங்கே ஆரியச்சக்கரவர்த்தி மன்னனைச் சந்தித்தார். மன்னனின் முன்னால் குளிப்பில் கிடைத்த முத்துகள் குவிந்திருந்ததையும், அவனுடைய ஆட்கள் அவற்றில் நல்லதைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்ததையும் தன் பயண நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த ஆட்கள் வெறும் கண்ணால்தான் பிரித்திருப்பார்கள். இதே காலத்தில் கடலுக்கு அப்பால் என்ன நடந்தது என்று பாருங்கள். 1352 இல் இத்தாலியில் திரெவீசோ என்ற ஊரில் ஒரு மடத்தின் சுவரில் தொம்மாசோ என்ற ஓவியர் ஒரு படம் வரைந்தார். எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பாதிரியாரின் மூக்கின் மேல் இரண்டு வட்டக் கண்ணாடிகள். மூக்குக்கண்ணாடி இடம்பெற்ற படங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது அதுதான். இப்னு பதூதா புத்தளத்தில் நின்றதற்கும் அந்தப் படத்துக்கும் இடையே எட்டு வருடம்தான் வித்தியாசம். இங்கே முத்து, அங்கே கண்ணாடி. இரண்டும் சந்திக்கப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

■ பஸ்றாவில் பிறந்த அறிவு

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒளியியலைத் தேடிப்போனால் ஈராக்கின் பஸ்றாவில் போய் நிற்போம். அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைஸம் 965 அளவில் பஸ்றாவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் வபாத்தானவர். அவர் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' பார்வையைப் பற்றி ஏழு பாகங்களில் எழுதப்பட்ட நூல்.

அவருக்கு முன் யூக்ளிட், தொலமி போன்ற பெரிய கிரேக்க அறிஞர்கள், கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்றார்கள். இப்னுல் ஹைஸம் கேட்ட கேள்வி எளியது. கதிர் நம் கண்ணிலிருந்து போகிறது என்றால் சூரியனைப் பார்க்கும்போது கண் ஏன் வலிக்கிறது? ஆகவே ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வருகிறது. இதைச் சொன்னதோடு நிற்காமல் இருட்டறையில் விளக்குகளை வைத்துச் சோதித்தும் காட்டினார். வளைந்த பரப்பில் ஒளி எப்படி முறிகிறது, கண்ணாடி உருண்டையில் பொருள் எப்படிப் பெரிதாகத் தெரிகிறது என்பதையெல்லாம் ஆராய்ந்தார்.

அவர் மூக்குக்கண்ணாடி செய்தார் என்று சிலர் பகிர்கிறார்கள். அது சரியல்ல. கண்ணாடியை விளக்கும் அறிவுக்கு அடித்தளம் போட்டது அவர். இந்தப் பெருமையே போதும், இல்லாததைச் சேர்க்கத் தேவையில்லை. அவருடைய நூல் 1200 ஆம் ஆண்டை ஒட்டி லத்தீனுக்குப் போனது. அதைப் படித்தவர்களில் ஒருவரான ஆங்கிலத் துறவி ரோஜர் பேகன், உருண்டையின் ஒரு துண்டு போன்ற கண்ணாடியை எழுத்தின் மேல் வைத்தால் முதியவர்களுக்குப் பயன்படும் என்று 1267 அளவில் எழுதினார். அதற்குச் சுமார் இருபது வருடத்தில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. 1306 இல் ஜியோர்தானோ என்ற பாதிரியார் ஒரு பிரசங்கத்தில், இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார்.

முதலில் வந்த கண்ணாடி எல்லாம் குவிவு வில்லை. அதாவது நம் வெள்ளெழுத்துக்கான கண்ணாடி. தூரத்தில் தெரியாதவர்களுக்கான குழிவு வில்லை அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் பிந்தித்தான் வந்தது.

பிறகு அது கிழக்கு நோக்கி வந்தது. ஹிராத் நகரின் பெரும் பாரசீகக் கவிஞர் மௌலானா ஜாமி 1492 இல் வபாத்தானவர். தன் முதுமையைப் பற்றி எழுதும்போது, பறங்கிக் கண்ணாடியின் உதவியால் தன் இரண்டு கண்களும் நான்காகிவிட்டன என்ற கருத்தில் பாடியிருக்கிறார். விஜயநகரப் பேரரசில் இருந்த வியாசராயர் என்ற குரு கண்ணாடி போட்டு ஓலைச்சுவடி வாசித்ததாக, 1520 அளவில் நடந்ததைப் பற்றி அவர் வரலாற்று நூல் சொல்கிறது. ஓர் ஆலிமும் ஒரு மடாதிபதியும் தம் கிரந்தங்களை வாசிப்பதற்காகக் கண்ணாடியை வெட்கமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். நாமோ 2020களில், "கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்கள்" என்று யோசிக்கிறோம்.

■ கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணாடி வந்து 300 வருடம் வரை அது ஏன் வேலை செய்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1604 இல் ஜெர்மனியின் கெப்ளர், இப்னுல் ஹைஸம் தொடங்கிய வழியில் போய், ஒளி விழித்திரையில் குவிவதை விளக்கினார். 1801 இல் இங்கிலாந்தின் தோமஸ் யங், கிட்டப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடித்துக்கொள்கிறது என்று காட்டினார். 1864 இல் நெதர்லாந்தின் டொக்டர் டொண்டர்ஸ் எழுதிய பெருநூல்தான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. அதுவரை ஒன்றாகக் குழம்பிக் கிடந்த இரண்டு குறைகளை அவர் தெளிவாகப் பிரித்து வைத்தார்.

ஒன்று, வெள்ளெழுத்து. கண்ணின் வில்லை சிறு வயதில் இளகியிருக்கும். வயது போகப் போக இறுகும். இறுகினால் கிட்டப் பார்க்கத் தேவையான அளவுக்குத் தடிக்க முடியாது. டொண்டர்ஸின் கணக்குப்படி பத்து வயதுப் பிள்ளை 7 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்தும் எழுத்தைத் தெளிவாகப் பார்க்கும். இருபது வயதில் 10 சென்ரிமீற்றர். நாற்பதில் 22. ஐம்பதில் 40. அறுபதில் ஒரு மீற்றர். நம் கையின் நீளம் ஒரு மீற்றர் இல்லை. அதனால்தான் ஒரு கட்டத்தில் கை போதாமல் போகிறது.

மற்றது, தூரப்பார்வை. நீள்பார்வை என்றும் சொல்வார்கள். இது வயதால் வருவதல்ல. கண்பந்து முன்பின்னாகக் கொஞ்சம் குட்டையாக இருந்தால் ஒளி விழித்திரைக்குப் பின்னால்தான் போய்க் குவியப் பார்க்கும். பிறக்கும்போதே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறிய அளவில் இது இருக்கும். வளரும்போது தானாகச் சரியாகிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் அதிகமாக இருந்து, போகாமல் நிற்கும்.

இரண்டுக்கும் ஒரே வகைக் கண்ணாடிதான்: குவிவு வில்லை, பிளஸ் பவர். ஆனால் யாருக்கு, எப்போது என்பது வேறு.

■ பலகை தெரிகிறது, புத்தகம் தெரியவில்லை

பெற்றோர் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

நம் பாடசாலைகளுக்கு எம்.ஓ.எச். அலுவலகத்திலிருந்து வந்து மருத்துவப் பரிசோதனை செய்கிறார்கள். ஆறு மீற்றர் தூரத்தில் எழுத்து அட்டையை வைத்துப் பார்வை பார்ப்பார்கள். அந்த அட்டையும் டொண்டர்ஸின் காலத்தது. அவருடைய சகா ஸ்னெலன் 1862 இல் உருவாக்கியது. தூரத்தில் தெரியாத பிள்ளையை அது உடனே கண்டுபிடித்துவிடும். தூரப்பார்வை உள்ள பிள்ளை அதில் பாஸ் பண்ணிவிடலாம். ஏனென்றால் சிறுபிள்ளையின் வில்லை இளகியது. கண்ணை உள்ளுக்குள் வருத்திக் குறையை ஈடுசெய்துகொள்ளும். பலகையில் உள்ளதைச் சரியாக வாசிக்கும். புத்தகத்தை எடுத்தால் பத்து நிமிடத்தில் களைத்துவிடும்.

அந்தப் பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர் என்ன? சோம்பேறி. விளையாட்டுப் பிள்ளை. "பலகை தெரிகிறதுதானே, படிக்கத்தான் மனமில்லை" என்று வீட்டிலும் வகுப்பிலும் முடிவுகட்டப்படுகிறது. மத்ரஸாவில் ஹிப்ழு செய்யும் பிள்ளை வரிக்கு வரி தடுமாறினால், கவனமில்லை என்று அடியும் விழலாம். கண்ணில் இருக்கும் அரைச் சென்ரிமீற்றர்கூட இல்லாத குறைக்குப் பிள்ளையின் குணத்தைக் குற்றம் சொல்கிறோம்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்: வாசிக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் நெற்றி வலி, கண்ணைக் கசக்குதல், வரி தவறி வாசித்தல், புத்தகம் என்றாலே ஒதுங்குதல், கிட்டப் பார்க்கும்போது ஒரு கண் மூக்குப் பக்கமாகத் திரும்புதல். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஒரு கண் திரும்புவதை "அதிர்ஷ்டக் கண்" என்று விட்டுவிடாதீர்கள். திரும்பும் கண்ணை மூளை மெதுவாகக் கைவிட்டுவிடும். ஏழு, எட்டு வயதுக்குள் பார்த்தால் கண்ணாடியாலேயே பெரும்பாலும் சரிசெய்யலாம். பிந்தினால் பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணுக்கு முழுப் பார்வை வருவது கஷ்டம். கண் டொக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் வருத்தத்தைத் தளர்த்திவிட்டுத்தான் பிள்ளையின் உண்மையான பவரைக் கண்டுபிடிப்பார். அதனால் கண்ணாடிக் கடைப் பரிசோதனை பிள்ளைக்குப் போதாது.

■ வாசிப்பு வந்த வீடுகள்

கிட்டப் பார்வை குறைந்ததை உணர, கிட்டப் பார்க்கும் வேலை இருக்க வேண்டும். நம் வீடுகளில் அது எப்போதும் இருந்தது. வலை பொத்துவது, ஊசியில் நூல் கோப்பது, பாய் பின்னுவது, அரிசியில் கல் பொறுக்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓதுவது. 19 ஆம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபோது அறபுத் தமிழ்க் கிதாபுகள் தமிழகக் கரையிலும் இலங்கையிலும் பெருகின. இலங்கைக்கும் வந்து பணி செய்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 முதல் 1898 வரை வாழ்ந்தவர்) எழுதிய நூல்களை ஆண்களும் பெண்களும் வீட்டில் இருந்து ஓதினார்கள். அந்த அச்சைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெருக்கமான எழுத்து, ஓரத்தில் அதைவிடச் சின்ன எழுத்தில் விளக்கம்.

வீட்டில் பெரும்பாலும் ஓதும் நேரம் மஃரிபுக்குப் பிறகு. வெள்ளெழுத்துக்கு மிகக் கெட்ட நேரமும் அதுதான். வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், சுருங்கினால் எழுத்து கொஞ்சம் தெளியும். வெளிச்சம் குறைந்தால் விரியும், எழுத்து கலங்கும். உம்மும்மாமார் முற்றத்துக்குக் குர்ஆனைக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஓதியதற்குக் காரணம் இதுதான். இரவில் மனனமானதை மட்டும் ஓதினார்கள்.

■ 1990 இல் பள்ளியை விட்டவர்களுக்கு இன்று என்ன வயது?

இந்தக் கணக்கை நாம் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபர் கடைசியில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முசலியிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறிய நேரம், பதினைந்து வயதில் புத்தகத்தை மூடிய பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதளவில் இருக்கும். கல்பிட்டியிலும் புத்தளத்திலும் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்த பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தைந்து வயதளவில் இருக்கும். எங்கள் சமூகத்தில் படிப்பை மிகவும் கஷ்டப்பட்டுப் பெற்ற தலைமுறை அது. அந்தத் தலைமுறைதான் இன்று மொத்தமாக வெள்ளெழுத்து வயதில் நிற்கிறது.

அவர்களின் கையில் இன்று என்ன கடதாசிகள் இருக்கின்றன? காணி அனுமதிப்பத்திரம். உறுதி. வாக்காளர் பதிவுப் படிவம். வீட்டுத் திட்டப் படிவம். நுண்கடன் ஒப்பந்தம். மருந்துப் பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்த காலாவதித் திகதி. கண் தெரியாமல் "எங்கே கையெழுத்து வைக்க?" என்று கேட்டு வைத்துவிட்டு வரும் ஒவ்வொருவரும், தனக்குத் தெரிந்த எழுத்தைத் தானே இழக்கிறார். கஷ்டப்பட்டுப் படித்த எழுத்தைக் கண்ணாடி இல்லாத காரணத்தால் கைவிடுவது நம் சமூகத்துக்குத் தாங்கக்கூடிய நட்டமல்ல.

இது நம் ஊர்க் கவலை மட்டுமல்ல. கண்ணாடி கிடைக்காமல் வெள்ளெழுத்தோடு வாழ்பவர்கள் 82 கோடிக்கும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் மதிப்பிட்டது. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்படாதவர்களைவிட அவர்களின் கொழுந்து பறிப்பு ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. 2024 இல் வெளியான பங்களாதேஷ் ஆய்வில் தையல்காரர்கள், கைப்பணி செய்வோர் போன்றவர்களின் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. கொடுத்தது ஒரு சாதாரண கண்ணாடி மட்டும்தான். வலை பொத்துபவருக்கும் பாய் பின்னுபவருக்கும் இதில் இருக்கும் செய்தி தெளிவு.

■ நாம் செய்யக்கூடியது

முதலில் சில தவறான எண்ணங்களைத் தீர்த்துக்கொள்வோம்.

"கண்ணாடி போட்டால் கண் பழகிப்போய் இன்னும் கெடும்" என்பது உண்மையல்ல. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது, அறுபத்தைந்து வயதுவரை வில்லை இறுகிக்கொண்டுதான் போகும். அதற்கேற்ப இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பவர் கூடும். கண்ணாடி போடாமல் இருப்பதால் மிச்சமாவது தலையிடி மட்டும்தான்.

"கண் பயிற்சி செய்தால், சொட்டு விட்டால் போய்விடும்" என்று வரும் விளம்பரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். இறுகிய வில்லையைப் பயிற்சி இளக்காது.

"எழுபது வயதில் உம்மும்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் ஓத முடிகிறது, பார்வை திரும்பிவிட்டது" என்று சந்தோஷப்படுவோம். அது பெரும்பாலும் கண்புரை தொடங்கும் அறிகுறி. புரை விழும் வில்லை பவரை மாற்றிவிடுவதால் சில காலம் கிட்ட நன்றாகத் தெரியும், பிறகு எல்லாமே மங்கும். ஆகவே அப்படிச் சொன்னால் கட்டாயம் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் முதல் கண்ணாடி வாங்குமுன் ஒருமுறை முழுமையாகக் கண்ணைச் சோதியுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை. சீனி வருத்தம் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். சீனி ஏறி இறங்கும்போது பவரும் மாறும். விழித்திரைப் பாதிப்பும் கண் அழுத்த நோயும் வலியில்லாமல் வரும். கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடி, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ளவர்களுக்குக் கிட்ட வாசிக்க உதவும். ஆனால் நோயைக் கண்டுபிடித்துத் தராது. கண்ணில் திடீரென்று மங்கல், மின்னல் போன்ற வெளிச்சம், வலி எது வந்தாலும் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஊராக நாம் செய்யக்கூடியதும் உண்டு. பள்ளிவாசலில் குர்ஆன் அலுமாரிக்குப் பக்கத்தில் +1, +1.5, +2, +2.5, +3 என்று பவர் எழுதிய சில கண்ணாடிகளை ஒரு பெட்டியில் வைக்கலாம். பெண்கள் ஓதும் மத்ரஸாவிலும் கிராம நூலகத்திலும் அதேபோல் வைக்கலாம். யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை, எடுத்து வாசித்துவிட்டு வைத்துவிட்டுப் போகலாம். ஒரு தர்மமாக இதைச் செய்யப் பெரிய தொகை ஆகாது. ஒருவர் ஓதும் ஒவ்வொரு எழுத்திலும் கொடுத்தவருக்கும் பங்கு கிடைக்கும் என்று நம்புகிறோம்.

ஆசிரியர்களுக்கும் ஹஸ்ரத்மாருக்கும் ஒரு வேண்டுகோள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைக் கண்டிக்குமுன் கண்ணைப் பார்த்தாயா என்று வீட்டுக்கு ஒரு குறிப்பு அனுப்புவோம். ஒரு பிள்ளை தப்பினாலும் அது பெரிய வேலை.

ஓதும்படி ஏவியே வஹீ இறங்கத் தொடங்கியது. நோய்க்கு மருந்து தேடும்படி கற்றுத்தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நாற்பது வயதுக்குப் பிறகு கண்ணாடி போடுவது வெட்கமான காரியமாக எப்படி ஆகும்?

இன்று வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். உம்மா, வாப்பா, மாமி, மூத்த ராத்தா, நானா எல்லோரிடமும் ஒரு மருந்துப் பெட்டியைக் கொடுத்துத் திகதியை வாசிக்கச் சொல்லுங்கள். கை நீளுகிறதா என்று பாருங்கள். நீண்டால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய பார்வையிலும் பரக்கத் செய்வானாக. பயனுள்ளதாக இருந்தால் உங்கள் பள்ளிவாசல் குழுமத்திலும் பாடசாலைப் பெற்றோர் குழுமத்திலும் பகிர்ந்துகொள்ளுங்கள். போனில் வாசிக்கக் கஷ்டமாக இருப்பவர்களுக்கு நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.